வெள்ளிக்கிழமை மட்டும்

மதாம் தாண்டி, மணல் பாதையில் ஏழு கிலோமீட்டர்.
அரசு மின்கம்பி எட்டாத பண்ணை வீடு.
கூரையில் முப்பத்தாறு சோலார் தகடுகள்,
ஏசி போட்ட அறைக்குள்
ஆள் உயரத்துக்கு பேட்டரி அடுக்கு.
கொட்டகையில் வெள்ளை வண்டி,
மூக்கில் குழாய் செருகிய நோயாளி மாதிரி.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏறுகிறது"
என்றார் ஷம்சா. கால்நடை மருத்துவர்.
ஒட்டகங்களின் சுரம் குறிக்கும் நோட்டிலேயே
வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்.
சனி, சிவப்பு. ஞாயிறு, சிவப்பு.
திங்கள் அதிகாலை பச்சை, எட்டே நிமிடம்.
வெள்ளி பச்சை, மாலை வரைக்கும்.
"ஜும்மா அன்றைக்கு மட்டும் சாப்பிடும் வண்டியை
எந்தக் கம்பெனி செய்கிறது?"
அவர் சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்:
அணைத்து, பத்து எண்ணி, போட்டேன்.
கேபிளை மாற்றினேன்.
சார்ஜரின் மூடியைக் கழற்றி
திருகுகளை இறுக்கினேன்.
இன்வெர்ட்டர் ஐம்பது ஹெர்ட்ஸ், பிசகில்லை.
பேட்டரி எழுபத்தெட்டு சதவீதம்.
அள்ள ஆளில்லாமல்
கொட்டிக்கொண்டிருந்தது வெயில்.

அஜ்மான் ஆபீசிலிருந்து எபனேசர்:
"சாப்ட்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்கண்ணே."
அவனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம்.
பண்ணினேன். நாற்பது நிமிடம்.
அதே சிவப்பைப்
புது எழுத்துருவில் காட்டியது வண்டி.

கரண்டைத் தொடுமுன் வண்டி ஒன்று கேட்கும்:
கசிந்தால் எங்கே போவது,
மண்ணுக்கு வழி இருக்கிறதா?
இருக்கிறது என்று பச்சைக் கம்பி சொல்ல வேண்டும்.
சொல்லாவிட்டால் வாய் திறக்காது.
பிரிட்ஜ், பம்ப், டிவி
எதுவும் இதைக் கேட்பதில்லை,
கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.
அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

பச்சைக் கம்பியின் பின்னாலேயே போனேன்.
சுவரோரமாய், பம்ப் அறையைச் சுற்றி
பின்புறக் குழாயடியில்
மணலுக்குள் இறங்கியது செம்புக் கழி.
மீட்டர் ஆயிரத்து நூற்று நாற்பது ஓம் என்றது.
போன வருடத் தாளில் அறுபத்திரண்டு.
கையெழுத்து என்னுடையதுதான்,
அழகாகவே இருந்தது.

கழி அறவில்லை, பிடி கழலவில்லை.
ஒரு கை மணல் அள்ளினேன்,
சுடச்சுட விரலிடுக்கில் ஓடிவிட்டது.
"இந்தக் குழாயடியில் யார் தண்ணீர் புழங்குவார்கள்?"

மொஃபிஸுல். தோட்டக்காரர்.
இருபத்தாறு நாளாக சுனாம்கஞ்சில், விடுப்பில்.
ஐந்து வேளையும் இங்கேதான் ஒளு செய்வார்.
கால் கழுவும் தண்ணீர்
நேராகக் கழியின் தலையில் விழும்.
இப்போதோ வெள்ளிக்கிழமைகளில்
ஷம்சாவின் தம்பிமார் பிள்ளைகளோடு வருகிறார்கள்,
தொழுகைக்கு முன் வரிசையாய்
இதே குழாய், பன்னிரண்டு ஜோடிக் கால்.
திங்கள் அதிகாலை?
நோட்டில் ஓரத்திலேயே இருந்தது: மூடுபனி.

ஒரு வாளி ஊற்றினேன்.
சத்தம் போட்டுக் குடித்தது மணல்.
முந்நூறு.
இன்னொரு வாளி. நூற்றுப் பத்து.
கொஞ்சம் பொறுத்து, எண்பத்தெட்டு.
கொட்டகையிலிருந்து ஒரு 'டக்'.
பச்சை.

இது முதலுதவிதான். நாளை
மூன்று மீட்டர் கழி இரண்டு,
பென்டோனைட் களிமண் நாலு மூட்டை.
அறிக்கையில் கோளாறின் காரணம் என்ற கட்டத்துக்குள்
தோட்டக்காரர் விடுப்பு என்று எழுத முடியுமா?
'நில எதிர்ப்பு கூடுதல்' என்று எழுதினேன்.

ஷம்சா அதற்குள் வீடியோ காலில் பிடித்துவிட்டார்.
மொஃபிஸுலுக்குப் பின்னால் தகரத்தில் மழை.
பாதி அரபி, பாதி உருதுவில் கதை போனது.
அவர் வாய்விட்டுச் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
எலுமிச்சைக்கு யார் ஊற்றுகிறார்கள் என்றார்.

போன் திரும்பியது.
குழாயிலிருந்து நாலடி,
இலையெல்லாம் தோணியாய்ச் சுருண்டு
நின்றிருந்தது மரம்.
வேறு நிழல் கிடைக்காமல் காலையிலேயே
அதனடியில்தான் வைத்திருந்தேன்
என் கருவிப்பெட்டியை.